லிஃப்ட் அடித்த பிக்கப்புக்கு அப்பர் ஆம் மாற்றுவது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாங்குளத்தில் ஒரு சிறிய கராஜில் வேலை செய்கிறேன். ஏ9 வீதியில் ஓடும் வாகனமும் வரும், ஒட்டுசுட்டான், துணுக்காய், நெடுங்கேணிப் பக்கம் கிரவல் வீதியிலும் குளக்கட்டிலும் ஓடும் வாகனமும் வரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு 2025 வரைக்கும் புதுப் பிக்கப் எடுக்க வழி இருக்கவில்லை. இருந்ததையே உயர்த்தி, பெரிய ரயர் போட்டு, வயலுக்கும் காட்டுப் பாதைக்கும் ஏற்றபடி ஆக்கிக்கொண்டவர்கள் பலர். உயர்த்தியவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்பர் ஆமைத் தொடவே இல்லை. பிறகு ஸ்ரியரிங் அலைகிறது, ரயர் ஒரு பக்கம் தேய்கிறது என்று வருகிறார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளைக் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதிலையும் கீழே தருகிறேன்.

அப்பர் ஆம் எண்டா என்ன அண்ணை? எங்க இருக்கு?

முன் சில்லைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். சில்லைத் தாங்கி நிற்கும் இரும்புத் துண்டுக்கு நக்கிள் என்று பெயர். அதை மேலேயும் கீழேயும் இரண்டு கைகள் பிடித்திருக்கும். கீழே உள்ள பெரியது லோவர் ஆம். மேலே உள்ள சிறியது, பெரும்பாலும் ஆங்கில ஏ எழுத்தின் வடிவத்தில் இருப்பது, அப்பர் ஆம். அதன் அகலமான பக்கம் இரண்டு புஸ், அதாவது றப்பர் உருளைகள், வழியாக வாகனச் சட்டத்தோடு (சசி) பூட்டியிருக்கும். கூரான பக்கத்தில் எந்தப் பக்கமும் திரும்பும் பந்து மூட்டு, அதாவது போல் ஜொயின்ற், இருக்கும். அதுதான் நக்கிளைப் பிடிக்கிறது.

ஸ்பிரிங்கும் சொக்கும் லோவர் ஆமில் நிற்கும் வாகனங்களில் பாரத்தைத் தாங்குவது லோவர் ஆம். சில்லு எந்தச் சரிவில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதில் அப்பர் ஆமுக்குப் பெரிய பங்கு உண்டு. பாரம் தாங்காத உறுப்புத்தானே என்று அதை லேசாக எடுக்கக் கூடாது. அந்த ஜொயின்ற் கழன்றால் சில்லின் மேற்பக்கம் வெளியே விழுந்துவிடும், ஸ்ரியரிங்கில் ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாப் பிக்கப்புக்கும் இது இருக்கோ? என்னட்ட இருக்கிறது பழைய ஹைலக்ஸ்.

இல்லை. 1997க்கு முந்திய நான்கு சில்லு ஓட்டமுள்ள ஹைலக்ஸ்களில், எங்கள் பக்கம் ஓடுபவற்றில், முன்பக்கமும் முழு அக்சிலும் இலை ஸ்பிரிங்கும்தான். அவற்றில் அப்பர் ஆம் கிடையாது, இந்தக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றில் முறுக்குக் கம்பி, அதாவது ரோர்ஷன் பார், இருந்தது. 2005க்குப் பிறகு வந்த விகோவிலிருந்து சுருள் ஸ்பிரிங்கும் சொக்கும் ஒன்றாகச் சேர்ந்த அமைப்பு. பழைய டி-மக்ஸ் முறுக்குக் கம்பி, அடுத்த தலைமுறை சுருள் ஸ்பிரிங்.

முறுக்குக் கம்பி வாகனத்தில் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சில மொடல்களில் கம்பி லோவர் ஆமில் பூட்டியிருக்கும், சிலவற்றில் அப்பர் ஆமிலேயே பூட்டியிருக்கும். அப்பர் ஆமில் இருந்தால் கம்பியைத் தளர்த்தாமல் ஆமைக் கழற்றவே கூடாது, முறுக்கு முழுவதும் உங்கள் கையில் வந்து விழும். தளர்த்துவதற்கு முன்னர் கம்பியிலும் பிடிப்பிலும் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டு, சரிசெய்யும் போல்ட்டின் நீளத்தையும் அளந்து எழுதிவையுங்கள். இனி நான் சொல்பவை பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங் வாகனத்துக்கானவை.

லிஃப்ட் அடிச்சா கட்டாயம் மாத்தோணுமோ?

எவ்வளவு உயர்த்தினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு அங்குலம் உயர்த்திய வாகனம் கொம்பனி ஆமிலேயே நல்லாக ஓடும். இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லிமீற்றர் வரும்போது எல்லைக்கு வந்துவிடுகிறீர்கள். அலைன்மென்ற், அதாவது சில்லு நிற்கும் கோணங்களை அளந்து திருத்துவது, செய்து பார்த்து, கணக்குக்குள் வந்தால் அப்படியே விடலாம். அதற்கு மேலே என்றால் மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

காரணம் இதுதான். நீங்கள் உயர்த்தும்போது சட்டம் மேலே போகிறது, சில்லு நிலத்திலேயே நிற்கிறது. அப்பர் ஆம் சட்டத்திலிருந்து முன்னையதைவிடச் செங்குத்தாகக் கீழே தொங்கும். அப்படித் தொங்கும்போது மூன்று காரியம் நடக்கிறது. போல் ஜொயின்ற் தன்னுடைய திரும்பும் எல்லையை நெருங்குகிறது. ஆமின் உட்பக்கம் சுருள் ஸ்பிரிங்கை நெருங்குகிறது. சில்லின் சாய்வுக் கணக்கு மாறுகிறது, குறிப்பாகக் காஸ்ரர் குறைகிறது.

காஸ்ரர் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்குச் சைக்கிளைக் காட்டுவேன். சைக்கிளின் முன் போர்க் நேரே கீழே இறங்காமல் முன்பக்கம் சரிந்து இறங்குகிறதல்லவா? அந்தச் சரிவால்தான் கையை விட்டாலும் முன் சில்லு நேரே வருகிறது. பிக்கப்பிலும் அதே சரிவு இருக்கிறது, போல் ஜொயின்ற்கள் இரண்டையும் சேர்த்து இழுத்த கோட்டில். லிஃப்ட் அந்தச் சரிவைத் தின்றுவிடும். லிஃப்ட்டுக்கென்று செய்த அப்பர் ஆம்களில் போல் ஜொயின்ற்றைக் கொஞ்சம் பின்னே தள்ளிவைத்து, இழந்த பாகைகளைத் திருப்பித் தருகிறார்கள். ஜொயின்ற்றும் கூடுதலாகத் திரும்பும் வகை.

இன்னொன்று. ஸ்பேசர் போடுபவர்கள் ஏமாறும் இடம் இது. சொக்கின் தலையில் 25 மில்லிமீற்றர் ஸ்பேசர் வைத்தால் வாகனம் 25 உயராது, ஏறக்குறைய 50 உயரும். சொக் லோவர் ஆமின் நடுவில் நிற்கிறது, சில்லு நுனியில் நிற்கிறது, ஆகவே நுனி இரட்டிப்பாக நகரும். "சின்ன ஸ்பேசர்தான் போட்டனான்" என்று சொல்பவர் உண்மையில் இரண்டு அங்குலம் ஏற்றியிருப்பார்.

மாத்தாமல் ரெண்டு வருசமா ஓடுறன், ஒண்டும் நடக்கேல்லையே?

ஒன்றும் நடக்கவில்லை என்பதை வாகனத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். போன வருசம் ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு டபுள் கப் வந்தது. ஒயில் மாற்றத்தான் வந்தார். ஜக்கில் தூக்கி முன் சில்லுகள் தொங்கியதும் அப்பர் ஆமின் உள் விளிம்பில் ஒரு இடம் மின்னியது. பிறை வடிவில் பெயின்ற் போய், வெறும் இரும்பு வெள்ளியாகத் தெரிந்தது. நேரே எதிரே சுருளின் இரண்டாவது வளையத்திலும் அதே அளவு தழும்பு. பள்ளத்தில் சில்லு முழுதாக இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஆம் ஸ்பிரிங்கில் போய் அடித்திருக்கிறது. சுருளில் பெயின்ற் போன இடத்தில் கறள் பிடிக்கும், கறள் பிடித்த இடத்தில்தான் சுருள் முறியும்.

அவருடைய போல் ஜொயின்ற் றப்பர் உறையும் கிழிந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன், உள்ளே கிறீஸ் இல்லை. சிவப்புக் கிரவல் தூசியும் பழைய கிறீஸும் சேர்ந்து அரைத்த மிளகாய்க் கூட்டு மாதிரி இருந்தது. அந்தக் கூட்டு உலோகத்தை அரைக்கும். தார் வீதியில் மட்டும் ஓடும் வாகனத்தில் இது மெதுவாக நடக்கும். எங்கள் வீதிகளில் ஒரு கோடை போதும்.

புது ஆம் போட்டா வாகனம் இன்னும் உயருமோ?

உயராது. உயரம் தருவது ஸ்பிரிங், ஸ்பேசர், அல்லது முறுக்குக் கம்பி. அப்பர் ஆம் உயர்த்தியதைச் சரியாக ஓடச் செய்யும், அவ்வளவுதான். வெளியில் நின்று பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஓட்டுபவருக்குத் தெரியும். ஏ9இல் 70இல் போகும்போது ஸ்ரியரிங்கைச் சும்மா சும்மா திருத்திக்கொண்டிருந்த கை ஓய்ந்துவிடும்.

என்ர ஆம் பழுதோ இல்லையோ எண்டு நானே பாக்கலாமோ?

பார்க்கலாம். ஜக்கைச் சட்டத்துக்குக் கீழே வைக்காமல் லோவர் ஆமுக்குக் கீழே, சில்லுக்குக் கிட்ட வையுங்கள். அப்போதுதான் ஸ்பிரிங்கின் தள்ளல் அப்பர் ஜொயின்ற்றுக்கு வராமல் அது தளர்ந்திருக்கும். சில்லு நிலத்தை விட்டு எழும்பியதும் ஸ்ரான்ட் வைத்துவிட்டு, ரயரை மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். இன்னொருவர் ஜொயின்ற்றில் விரல் வைத்துப் பார்க்கட்டும். நக்கிளும் ஆமும் ஒன்றுக்கொன்று விலகி நகர்ந்தால் ஜொயின்ற் போய்விட்டது. நக்கிள் அசையாமல் சில்லு மட்டும் ஆடினால் சந்தேகம் சில்லு பெயாரிங்கில். பக்கவாட்டில், இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தட்டினால் அது பெரும்பாலும் ஸ்ரியரிங்கை நக்கிளோடு இணைக்கும் ரை ரொட் என்ட்.

அதன் பிறகு சட்டத்தில் தூக்கிச் சில்லைத் தொங்கவிட்டு, ஆமுக்கும் சுருளுக்கும் இடையில் விரல் போகிறதா என்று பாருங்கள். போகாவிட்டால் மேலே சொன்ன பிறைத் தழும்பைத் தேடுங்கள். புஸ்ஸின் றப்பர் வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

யூனிபோல் நல்லதோ, சாதாரண போல் ஜொயின்ற் நல்லதோ?

வன்னியில் ஓடும் வாகனத்துக்கு உறை போட்ட சாதாரண போல் ஜொயின்ற். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. யூனிபோல் நிறையத் திரும்பும், உறுதியானது, பந்தயத்துக்கு நல்லது. ஆனால் அது திறந்த உலோகப் பந்து. கோடையில் தூசியும் மாரியில் சேறும் நேரே உள்ளே போகும், கொஞ்ச நாளில் "டிக் டிக்" என்று சத்தம் தொடங்கும். மாற்றுப் பந்துக்கு நீங்கள் கொழும்புக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும்.

புஸ்ஸில் கதை கொஞ்சம் வேறு. றப்பர் புஸ் அமைதியானது, பராமரிப்பு வேண்டாம். பொலியூரேதேன் புஸ் இறுக்கமாக நிற்கும், ஆனால் கிறீஸ் வறண்டால் கீச்சிடும். கிறீஸ் நிப்பிள் வைத்த பொலி புஸ் கிடைத்தால், கிறீஸ் துவக்கு வைத்திருப்பவர் அதை எடுக்கலாம். மாதக்கணக்காக வாகனத்துக்குக் கீழே குனிந்து பார்க்காதவர் றப்பரோடு இருப்பது நல்லது.

பஞ்சிகாவத்தையில மலிவா இருக்கு எண்டுறாங்கள். வாங்கலாமோ?

கொழும்பு பஞ்சிகாவத்தையில் நல்லதும் கிடைக்கும், கெட்டதும் கிடைக்கும். வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். ஒட்டு ஒரே சீராக ஓடியிருக்க வேண்டும், இடையில் துளையோ விட்டுவிட்டு ஒட்டியதோ இருக்கக் கூடாது. ஜொயின்ற்றின் தண்டை விரலால் சுற்றுங்கள்: இறுக்கமாக, ஒரே சீரான தடையோடு திரும்ப வேண்டும். தொளதொளவென்று விழுந்தால் வேண்டாம். கடைசியாக, அந்த ஜொயின்ற்றைத் தனியாக வாங்கலாமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஜொயின்ற் தனியாகக் கிடைக்காத ஆம், ஜொயின்ற் தேய்ந்த அன்றைக்குக் குப்பை.

லிஃப்ட் இல்லாத வாகனத்துக்கான கொம்பனி மாதிரிப் பிரதியை "புது ஆம்" என்று வாங்கி வந்தவர்களும் உண்டு. அது புதியதுதான், ஆனால் கோணம் பழையதே. மூன்றாவது பதிலில் சொன்ன காஸ்ரர் திருத்தம் அதில் இல்லை. கழற்றிய பழைய ஆமை வாங்கிப் போடுவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஒரு பக்கம் மட்டும் மாத்தினாக் காணாதோ?

காணாது. இரண்டு பக்கமும் வேறு வேறு காஸ்ரரில் நிற்கும், வாகனம் குறைந்த பக்கத்துக்கு இழுக்கும். சோடியாகத்தான்.

வீட்டு முற்றத்தில வச்சுச் செய்யலாமோ? என்ன சாமான் வேணும்?

நிலம் இறுகியதாகவும் மட்டமாகவும் இருந்தால் செய்யலாம். மணல் முற்றத்தில் வேண்டாம். பலகை போட்டாலும் ஸ்ரான்ட் ஒரு பக்கம் இறங்கும். இரண்டு நல்ல ஸ்ரான்ட், ஒரு ட்ரொலி ஜக், பொக்ஸ் ஸ்பானர் செற், நீளமான கைபிடி, இரண்டு கிலோ சுத்தியல், முறுக்கு அளக்கும் டோர்க் ரென்ச், புது ஸ்பிளிற் பின். டோர்க் ரென்ச் இல்லாவிட்டால் அந்த ஒரு நாளுக்காவது கராஜில் இரவல் கேளுங்கள். எத்தனை நியூட்டன் மீற்றர் என்பதை உங்கள் மொடலின் கைநூலிலும் ஆமோடு வரும் தாளிலும் பாருங்கள், மற்ற வாகனத்தின் கணக்கைப் போடாதீர்கள். தாளில் கிலோகிராம் மீற்றர் என்று இருந்தால் 9.8ஆல் பெருக்குங்கள்.

செங்கல்லிலோ மரக்குற்றியிலோ வாகனத்தை நிறுத்திவிட்டுக் கீழே போகாதீர்கள். தனியாகச் செய்யாதீர்கள். இரண்டு பேர் என்றால் முதல் தடவை ஒரு முழு நாள் எடுக்கும்.

கழட்டுற ஒழுங்கைச் சொல்லுங்கோ.

எல்லாவற்றுக்கும் முன்னர் ஒரு காரியம், புது ஆம் வாங்குவதற்கும் முன்னர். லோவர் ஆமின் உட்பக்கத்தில் அலைன்மென்ற் சரிசெய்யும் கேம் போல்ட்கள் இருக்கும். அவை திரும்புகின்றனவா என்று பாருங்கள். பல வருசம் தொடாத வாகனத்தில் அவை புஸ்ஸின் உள் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். அவை திரும்பாவிட்டால் எவ்வளவு நல்ல அப்பர் ஆம் போட்டாலும் அலைன்மென்ற் செய்ய முடியாது. முதலில் அந்தச் செலவு, பிறகுதான் ஆம்.

சரி, கழற்றுவது. பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, சட்டத்தில் ஸ்ரான்ட் வைத்து, முன் சில்லுகள் இரண்டையும் எடுங்கள். ஏபிஎஸ் வயரும் பிறேக் குழாயும் ஆமிலோ நக்கிளிலோ கிளிப்பால் பிடித்திருந்தால் அவற்றை விடுவியுங்கள். லோவர் ஆமுக்குக் கீழே ஜக்கை வைத்து லேசாகத் தாங்குங்கள். அடுத்து நக்கிளை ஒரு கயிற்றால் சட்டத்தோடு கட்டுங்கள். இதை விடுபவர்கள்தான் அதிகம். அப்பர் ஜொயின்ற் விடுபட்ட உடனே நக்கிள் வெளியே சாய்ந்து விழும், பிறேக் குழாயை இழுக்கும், உள்ளே இருக்கும், முன் சில்லைச் சுழற்றும் சிவி தண்டும் தன் கிண்ணத்தை விட்டு வெளியே வரப் பார்க்கும்.

ஸ்பிளிற் பின்னை எடுத்து, ஜொயின்ற் நட்டைத் தளர்த்துங்கள், முழுதாக எடுக்காதீர்கள். இரண்டு மூன்று புரி பிடித்திருக்கட்டும். தண்டு கூம்பு வடிவில் நக்கிளின் காதுக்குள் இறுகியிருக்கும். அந்தக் காதின் பக்கவாட்டில் சுத்தியலால் உறுதியாக இரண்டு மூன்று அடி அடித்தால் "டக்" என்று விடும். தண்டின் நுனியில் அடிக்காதீர்கள். கவைக் கருவியைச் செருகினால் உறை கிழியும். பழைய ஆமை எறியப்போகிறீர்கள் என்றால் மட்டும் பாவிக்கலாம்.

கடைசியாக உள்பக்கத்து நீளப் போல்ட். விகோ போன்றவற்றில் இரண்டு புஸ்ஸுக்கும் ஊடாக ஒரே நீளமான போல்ட் ஓடும். வெளியே இழுக்கும்போது உள் மட்கார்ட் தகடு மறிக்கும். தகட்டை மெதுவாக வளைத்து வழிவிடுங்கள், வெட்டாதீர்கள். புது ஆமைப் பூட்டும்போது வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிய, கழற்றும்போதே கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். இடம் வலம் மாறிப் பூட்டினால் காஸ்ரர் திருத்தம் தலைகீழாகிவிடும். ஆமில் குறித்திருக்கும் பக்கத்தைப் பாருங்கள்.

நீளப் போல்ட் அசையுதே இல்லை. என்ன செய்யிறது?

எங்கிருந்து வந்த வாகனம் என்று முதலில் கேட்பேன். வட்டுவாகல் பாலத்தால் தினமும் போய்வரும் வாகனம், நாயாறு, கொக்கிளாய்ப் பக்கத்து மீன் ஏற்றும் வாகனம், பூநகரி உப்புக் காற்றில் நிற்கும் வாகனம் என்றால் போல்ட் புஸ்ஸின் உள் குழாயோடு சேர்ந்து கறளால் ஒன்றாகியிருக்கும். முதல் நாள் பின்னேரமே கறள் நீக்கும் எண்ணெய் அடித்துவிட்டு விடுங்கள். அடுத்த நாள் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி, பிறகு தளர்த்தும் பக்கம். முன்னும் பின்னும் அசைத்தால் வரும்.

வராவிட்டால் ஆமுக்கும் சட்டத்தின் காதுக்கும் இடையில் அறுக்க வேண்டியதுதான், அதற்கு புதுப் போல்ட் கையில் இருக்க வேண்டும். பிறேக் குழாய்க்கும் ஏபிஎஸ் வயருக்கும் பக்கத்தில் நெருப்புப் பிடிக்காதீர்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்டின் வழுவழுப்பான உடலில் மெல்லிய கிறீஸ் பூசலாம். புரியில் பூசினால் டோர்க் கணக்குப் பிழைக்கும், தேவைக்கு மேலாக இறுகிவிடும்.

ஏன் சில்லை நிலத்தில இறக்கிப்போட்டுத்தான் இறுக்கோணும் எண்டுறீங்கள்?

றப்பர் புஸ்ஸில் உள் குழாயும் வெளிக் குழாயும் றப்பரோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் சட்டத்தோடு அசையாமல் பூட்டப்படும். அதற்குப் பிறகு ஆம் அசைவது முழுக்க றப்பரின் முறுக்கலில்தான். சில்லு தொங்கும்போது இறுக்கிவிட்டால், வாகனம் நிலத்தில் சும்மா நிற்கும்போதே றப்பர் முறுகி நிற்கும். பள்ளத்தில் மேலே போகும்போது இன்னும் முறுகும். சில மாதத்தில் றப்பர் கிழிந்துவிடும். "புது ஆம் ஆறு மாதத்தில் போயிற்று" என்று வரும் பலருக்கு நடந்தது இதுதான், ஆமில் பிழை இல்லை.

ஆகவே போல்ட்டைக் கையளவு மட்டும் பிடிக்கவைத்து, சில்லைப் பூட்டி, நிலத்தில் இறக்கி, வாகனத்தை நாலைந்து தடவை அமுக்கி ஆட்டி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டிவிட்டு இறுக்குங்கள். இடம் போதாவிட்டால் லோவர் ஆமை ஜக்கால் உயர்த்தி, சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை முதலே அளந்துவைத்த அளவு வந்ததும் இறுக்கலாம். தானாகச் சுழலும் பொலி புஸ்ஸுக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

ஜொயின்ற் நட் வேறு கதை, அதைத் தொங்கும்போதே இறுக்கலாம். ஸ்பிளிற் பின் துளை நேரே வராவிட்டால் அடுத்த வெட்டுக்கு இறுக்குங்கள். துளைக்காக ஒருபோதும் தளர்த்தாதீர்கள்.

அலைன்மென்ற் உடனே வேணுமோ, அடுத்த மாசம் செய்யலாமோ?

அன்றைக்கோ அடுத்த நாளோ. அப்பர் ஆம் மாறியதும் கேம்பர், அதாவது சில்லின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு, மாறும். கேம்பர் மாறினால் ரோ, அதாவது முன் சில்லுகளின் மூக்கு உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, அதுவும் மாறும். ரோ பிழையாக இருந்தால் புது ரயரை நூற்றுக்கணக்கான கிலோமீற்றரிலேயே தின்றுவிடும். நகரத்துக்குப் போகும் வரைக்கும் ஒரு அளவு பாருங்கள்: ஸ்ரியரிங்கை நேரே வைத்து, இரண்டு முன் ரயர்களின் நடுக் கோட்டுக்கு இடைப்பட்ட தூரத்தை முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் ஒரே உயரத்தில் அளவுநாடாவால் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் சமமாகவோ, முன்பக்கம் ஓரிரு மில்லிமீற்றர் குறைவாகவோ இருந்தால் மெதுவாக ஓடிப் போகலாம்.

அலைன்மென்ற் செய்பவரிடம் ரோ மட்டும் பார்த்துவிட்டு விட வேண்டாம், கேம்பர், காஸ்ரர் அச்சுத்தாளும் வேண்டும் என்று முதலே சொல்லுங்கள். அந்தத் தாளை வாகனப் புத்தகத்தோடு வையுங்கள்.

எல்லாம் செய்தாச்சு, ஆனா இன்னும் ஒரு பக்கம் இழுக்குது.

தாளை எடுத்துப் பாருங்கள். இடது வலது காஸ்ரர் அரைப் பாகைக்கு மேல் வித்தியாசமா? கேம் போல்ட்டை மறுபடி திருத்த வேண்டும். வித்தியாசம் இல்லையா? முன் ரயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் ரயரில். மாறாவிட்டால் சில்லுகளைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள், ஒரு பக்க பிறேக் பிடித்து நிற்கலாம்.

வீதியும் நடுவில் உயர்ந்து ஓரம் சரிந்திருக்கும். இடது ஓரமாக ஓடும் நாங்கள் அந்தச் சரிவில்தான் ஓடுகிறோம். மட்டமான இடத்தில் பார்க்காமல் இழுக்கிறது என்று முடிவெடுக்காதீர்கள்.

நெல்லு மூட்டை ஏத்தினா ஸ்ரியரிங் பஞ்சு மாதிரி லேசாகுது. அதுக்கும் ஆம்தானோ காரணம்?

இல்லை. இது நல்ல கேள்வி, பலர் இதற்காகத் தேவையில்லாமல் ஆம் மாற்றியிருக்கிறார்கள். பெரும்போக அறுவடையில் பின்பெட்டி நிறைய ஏற்றினால் பின்பக்கம் அமிழும், முன் சில்லுகளில் நிற்கும் பாரம் குறையும். நிலத்தைப் பிடிக்கும் பலம் குறைவதால் ஸ்ரியரிங் லேசாகும். காஸ்ரர் அப்போது குறைவதில்லை, சட்டம் பின்னே சாய்வதால் கூடவே செய்கிறது. இதற்கு மருந்து பின் இலை ஸ்பிரிங்கிலும், மூட்டைகளைப் பின் அக்சிலுக்குப் பின்னால் குவிக்காமல் முன்னே தள்ளி அடுக்குவதிலும் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. பாரத்துக்காகப் பின்பக்கத்தில் கூடுதல் இலை போட்டு 50 மில்லிமீற்றர் உயர்த்தினால் சட்டம் முன்னே சாயும். விகோவின் முன் பின் சில்லுத் தூரம் 3085 மில்லிமீற்றர். அந்த நீளத்தில் 50 மில்லிமீற்றர் என்பது ஏறக்குறைய ஒரு பாகை. அந்த ஒரு பாகையும் உங்கள் காஸ்ரரிலிருந்து போகும். பின் ஸ்பிரிங் வேலையை முதலில் முடித்துவிட்டு, வழக்கமாக ஓடும் பாரத்தோடு அலைன்மென்ற்றுக்குப் போங்கள்.

இனி நல்ல ஆம் இருக்குத்தானே, இன்னும் ஒரு அங்குலம் ஏத்தலாமோ?

அப்பர் ஆம் தாங்கும், சிவி தண்டு தாங்காது. கூடுதலாகத் தொங்க விடும் ஆம் போட்ட பிறகு அடுத்த எல்லை முன் சிவி ஜொயின்ற்றின் கோணம். அது கூடினால் றப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும், கிறீஸ் தெறிக்கும், பிறகு திருப்பத்தில் "கட கட" சத்தம். நீளமான சொக்கோடு ஸ்பேசரையும் சேர்த்து அடுக்குவது இன்னும் ஆபத்தானது, சில்லு தொங்கும் எல்லையைச் சொக் தீர்மானிக்கிறது, ஸ்பேசர் அந்த எல்லையைக் கீழே தள்ளுகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, இரண்டரை அங்குலத்தில் நின்றுவிடுங்கள் என்பது என் கருத்து. எங்கள் வீதிக்கும் வயல் வரம்புக்கும் அது தாராளம்.

பெரிய ரயர் போட்டவர்கள் ரயரின் உள் தோளுக்கும் புது ஆமின் ஜொயின்ற் தலைக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று ஸ்ரியரிங்கை இரண்டு எல்லைக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும்.

காப்புறுதிக்காரர் பிறகு பிரச்சினை எடுப்பாங்களோ?

அப்பர் ஆம் மாற்றியதற்காக இல்லை, வாகனத்தை உயர்த்தியதற்காகக் கேட்கலாம். உயர்த்துவதற்கு முன்னர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து, அவர்கள் தரும் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். பாகங்களின் பற்றுச்சீட்டும் அலைன்மென்ற் தாளும் கையில் இருக்கட்டும்.

மாரியில வெள்ளத்துக்குள்ளால போய் வாறன். பிறகு என்ன பாக்கோணும்?

ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் இது எல்லோருக்கும் வரும் கேள்வி. இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்கள் வான் பாய்ந்தால் உள் வீதிகளில் தண்ணீர் சில்லின் நடுவரைக்கும் நிற்கும். போய்வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரால் ஆம், ஜொயின்ற், கேம் போல்ட் எல்லாவற்றையும் கழுவுங்கள். அழுத்தம் கூடிய குழாயை நேரே றப்பர் உறையில் பிடிக்காதீர்கள். கிறீஸ் நிப்பிள் இருந்தால், பழைய கிறீஸ் சேறோடு வெளியே வந்து புதியது தெரியும் வரைக்கும் அடியுங்கள். உறை ஊதும் அளவுக்கு அடிக்க வேண்டாம், வெடித்துவிடும். நிப்பிள் இல்லாத மூடிய ஜொயின்ற்றில் உறை கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கிழிந்திருந்தால் தேயும் வரைக்கும் காத்திருக்காமல் மாற்றுங்கள்.

புது ஆம் பூட்டி முதல் 500 கிலோமீற்றருக்குள் எல்லா நட்டுகளையும் டோர்க் ரென்ச்சால் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். அப்போது ஒவ்வொரு நட்டிலும் போல்ட்டிலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த தடவை சேற்றைத் துடைத்துவிட்டுக் கோடு நேரே நிற்கிறதா என்று பார்த்தால், நட் அசைந்திருக்கிறதா இல்லையா என்பது ரென்ச் இல்லாமலே தெரியும்.